ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த அக்கா

என் ஸ்கூட்டியைத் தண்ணீர் லாரி ஒன்று உரசித் தள்ளியபோது நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வலது காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்பு முறிந்துவிட்டது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, வலி தாங்க முடியாவிட்டால் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். அது வலியைக் குறைத்தது. அதில் பொய்யில்லை.

ஆனால் அது கூடவே இன்னொன்றையும் செய்தது. பரீட்சை போய்விடுமே என்ற கவலை, இனிமேல் நொண்டிதானா என்று பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என் காதுபடப் பேசியது, இரவில் கண்ணை மூடினால் கேட்கும் லாரியின் ஹாரன், எல்லாவற்றின் மேலும் கனத்த போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டது. கால் ஆறியது. கட்டைப் பிரித்தார்கள். கல்லூரிக்குத் திரும்பினேன். போர்வையை மட்டும் என்னால் உதற முடியவில்லை.

டாக்டர் சீட்டு கேட்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்கும் மருந்துக்கடை ஒன்று எனக்குத் தெரியவந்தது. எப்படி என்பதை எழுத வேண்டாம். தேடுகிறவர்களின் கண்ணில் அப்படி ஒரு கடை எப்படியும் பட்டுவிடும். அந்தக் கடை சில நாள் பூட்டிக்கிடந்தபோதுதான் எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று புரிந்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது. வயிறு பிசைந்தது. வெயில் காலத்தில் உடம்பெல்லாம் புல்லரித்தது. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. அம்மா டெங்கு என்று பயந்து ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டொரு நாளில், துப்பட்டாக்களை மடித்து அடுக்கும்போது, அலமாரிக்குள் நான் ஒளித்து வைத்திருந்த காலி மாத்திரை அட்டைகள் அம்மாவின் கையில் சிக்கின.

அம்மா கத்தவில்லை. அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அத்தா கடையிலிருந்து வரும் வரை அப்படியே இருந்தார். எங்களுக்கு ஊருக்குள் பித்தான், நூல், லைனிங் துணி விற்கும் கடை. அத்தா வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா சொன்னார்:

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லங்க. ஆனா நாம நெனச்ச சீக்கு இல்ல."

மறுநாளே கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொந்த வண்டி இருந்தும் அத்தா பஸ்ஸில் அழைத்துப்போனார். விழுப்புரம், திண்டிவனம் என்று வெளியூர் பஸ்களில் வந்து இறங்கும் கூட்டத்தோடு கலந்துவிட்டால் தெரிந்தவர் கண்ணில் பட மாட்டோம் என்பது அவர் எண்ணம். வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்று என்னை மறைத்துக்கொண்டார். அவர் எதற்கு வெட்கப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முதுகுக்குப் பின்னால் நிற்பது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அங்கே இருந்த டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அத்தாவைப் பார்த்து, "இது ஒழுக்கக்கேடு இல்லிங்க பாய், வியாதி. மருந்து இருக்கு. நாளாகும்" என்றார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிடும் ஒரு மாத்திரையைத் தொடங்கினார்கள். உடம்பின் அந்த ஆட்டமெல்லாம் அடங்கியது. அடங்கியபிறகு, காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லூரியை நிறுத்தியிருந்தார்கள். தோழிகளின் போனை எடுக்கவில்லை. உறவுக்காரர்களுக்கு ரத்தசோகை என்று சொல்லியிருந்தோம்.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஆலோசகர் அம்மா ஒரு திட்டத்தைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் இதில் மாட்டியவர்களுக்கும், வீட்டில் வேறு யாரோ மாட்டியதால் படிப்பு கெட்டுப்போன பிள்ளைகளுக்கும் ஆளுக்கொருவரைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். அவர் டாக்டராகவும் இருக்க மாட்டார், சொந்தமாகவும் இருக்க மாட்டார். வாரம் ஒரு தடவை, ஒரு வருடத்துக்கு, சந்திக்க வேண்டும். மென்டர் என்பார்கள்.

"மென்டர்னா டியூஷன் மிஸ் மாதிரியா?" என்று கேட்டார் அத்தா.

"இல்லிங்க. கூட இருக்குறவங்க."

எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒருத்தி வந்து வாராவாரம் புத்தி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மாவின் முகத்துக்காக ஒப்புக்கொண்டேன்.

வந்தவர் என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருந்தார். ஊருக்கு மேற்கே கிராமம், விவசாயக் குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை. அந்த நாளைத்தான் எனக்குக் கொடுத்தார். அது எவ்வளவு பெரிய கொடை என்பது, நானே வேலைக்குப் போகத் தொடங்கியபிறகுதான் எனக்கு உறைத்தது.

முதல் நாள் கடற்கரைச் சாலையில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். பிறகு, "எனக்கு அட்வைஸ் பண்ண வராதும்மா. ட்ரெய்னிங்ல அதத்தான் மொதல்ல கேட்டாங்க, அட்வைஸ் பண்ணுவீங்களான்னு. வராதுன்னு சொன்னேன், சேத்துக்கிட்டாங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தேன்.

"அப்ப என்னா பண்ணுறது?" என்று கேட்டேன்.

"நான் மீன் வாங்கணும். வைத்திக்குப்பம் வரைக்கும் நடப்பியா? கால் வலிச்சா சொல்லு, ஆட்டோ வெச்சுக்கலாம்."

வைத்திக்குப்பத்தில் படகுகள் கரையேறியிருக்கும். பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அக்கா பேரம் பேசுவதில் கெட்டிக்காரி என்று எண்ண வேண்டாம். ரொம்ப மோசம். விற்கிறவர் முகத்தைப் பார்த்ததும் கேட்டதைக் கொடுத்துவிடுவார். மூன்றாவது வாரத்திலிருந்து பேரம் பேசும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாரோடும் பேசாத நான் அங்கே நின்று சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் வாய்ச்சண்டை போட்டேன். கால் வலித்தது. ஆனால் நடந்தால் வலிக்கிற வலி அது. வேறு எதையும் கேட்காத வலி.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், நாங்கள் ஒரு படகின் நிழலில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். தம்பி லோடு ஏற்றும் வேலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு, இதே மாதிரி ஒரு மாத்திரையில் தொடங்கி, பிறகு அதையே ஊசியாக்கிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டான். வீட்டில் மொட்டை அடித்தார்கள், மந்திரித்த கயிறு கட்டினார்கள், அடித்தார்கள். கடைசியில் அறைக்குள் போட்டுப் பூட்டினார்கள்.

"பூட்டுனது நான்தான்" என்றார் அக்கா. "தொறந்து விடுக்கா, தொறந்து விடுக்கான்னு கெஞ்சினான். ஒடம்பு அந்தப் பாடு படும்னு எங்களுக்கு யாரு சொன்னா? திமிருன்னு நெனச்சோம். அப்பறம் ஓடிட்டான். வேற எங்கியோ வைத்தியம் பாத்து, இப்ப நல்லா இருக்கான். மெட்ராஸ்ல வேன் ஓட்டுறான். அம்மாகிட்ட பேசுவான். எங்கிட்ட பேச மாட்டான்."

"அதனாலதான் இதுல சேந்தீங்களா?" என்றேன்.

"அதனாலயும்தான். ஞாயித்துக்கெழம வீட்டுல இருந்தா தொவைக்கச் சொல்லுவாங்க, அதனாலயும்தான்" என்று சொல்லிவிட்டு மீன் பையை வாங்கப் போனார்.

நோன்பு மாதம் வந்தபோது, நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடப்பதைப் பார்த்து அவரும் ஒருநாள் எனக்குத் துணையாகக் குடிக்காமல் வந்தார். வெயிலில் பாதி வழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நோன்பாளியான நான் அவருக்கு இளநீர் வாங்கிக் குடிக்கவைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா திட்டிக்கொண்டே படுக்கவைத்தார். மாலையில் கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். அதன்பிறகு அம்மா அவரை மென்டர் என்று சொல்வதை விட்டுவிட்டார். "உங்க அக்கா வந்தாச்சு" என்பார்.

எல்லாம் நேராகப் போகவில்லை. நான் கல்லூரிக்குத் திரும்பிய மாதத்தில், ஒரு மதியம், எங்கள் வகுப்புப் பெண்கள், நான் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று என்னைப் பற்றி ஆளுக்கொன்றாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். வெளியே வந்து நடந்தேன். என் கால்கள் என்னை அந்தக் கடைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தின. பையில் காசு இருந்தது. தைரியமும் இருந்தது. ஏன் போனை எடுத்தேன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அக்கா, நான் அந்தக் கட முன்னாடி நிக்கிறேன்."

அந்தப் பக்கம் யாரோ ஒருவர் எழுத்துகளை வாசிக்கும் சத்தம் கேட்டது. கண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது போலிருக்கிறது.

"சரி" என்றார் அக்கா. குரல் மாறவில்லை. "போன வெக்காத. அந்தக் கடைக்காரன் என்னா கலர் சட்ட போட்டிருக்கான்?"

"ஊதா."

"கட்டமா, ப்ளெய்னா?"

"கட்டம்."

"அவனுக்கு முதுகு காட்டித் திரும்பு. இப்ப என்னா தெரியுது?"

"ஒரு ஜூஸ் கட. ஒரு நாய் படுத்திருக்கு."

"அந்த ஜூஸ் கடையத் தாண்டி நேரா வா. எங்க கட வரைக்கும் பேசிக்கினே வா. வழியில என்னென்ன இருக்குன்னு சொல்லிக்கினே வா."

சொல்லிக்கொண்டே நடந்தேன். பாத்திரக் கடை, செருப்புக் கடை, பூக்காரம்மா, சிக்னல். கண்ணாடிக் கடை வாசலில் அவர் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். உள்ளே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். வியாபாரத்தின் நடுவே அவ்வப்போது வந்து, ஒரு ஃபிரேமை என் முகத்தில் மாட்டிவிட்டுப் போவார். பச்சை நிறத்தில் பெரிய வட்டக் கண்ணாடி, பூனைக்கண் மாதிரி ஒன்று, தாத்தாக்கள் போடும் கறுப்புச் சட்டம். முதலாளி என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு இது நல்லா இருக்கு" என்று உண்மையாகவே வாங்கவைக்கப் பார்த்தார். கடை மூடும்வரை அங்கேயே இருந்தேன். அந்த ஆசை வந்த மாதிரியே போய்விட்டது. அது போகும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திட்டத்தின் ஒரு வருடம் முடிந்தது. ஒரு சின்னக் கூட்டம் வைத்து, கேக் வெட்டி, படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அக்கா வர வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த ஞாயிறும் வந்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, காலில் வைத்த திருகாணி ஒன்று தளர்ந்து தோலுக்கு அடியில் முட்டத் தொடங்கியது. எலும்பு டாக்டர் தகட்டை எடுத்துவிடலாம் என்றார். மறுபடி அறுவை, மறுபடி வலி, மறுபடி வலிக்கு மருந்து. வெளியே வந்ததும் அத்தா மெதுவான குரலில் சொன்னார்:

"அந்த விசயத்த இங்க சொல்ல வேணாம்மா. நம்மாளுங்க ரெண்டு பேரு இங்க வேலை பாக்குறாங்க. ஊரு சின்ன ஊரு. நாளைக்கு உனக்கு ஒரு எடம் பாக்கணும்."

நான் வேறொரு முடிவு எடுத்திருந்தேன். எதையும் சொல்ல வேண்டாம், வலிக்கு எதையும் வாங்கவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"நீ யாருகிட்ட வீரம் காட்டுற? மயக்க மருந்து குடுக்குறவருக்கு நீ என்னா மருந்துல இருக்கன்னு தெரிய வேணாமா? வலிய மறைச்சு மறைச்சுதான இதுல வந்து மாட்டுன? போயி சொல்லு. நான் கூட வரேன்."

டாக்டரின் அறையில் நான், அத்தா, அக்கா மூவரும் இருந்தோம். அத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். விபத்துக்குப் பிறகு வலி மாத்திரைக்கு அடிமையானேன், கோரிமேட்டில் வைத்தியம் நடக்கிறது, இப்போதும் நாக்குக்கு அடியில் மருந்து வைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "அந்த மருந்த நீயா நிறுத்திடாத. நான் அந்த டாக்டர்கிட்ட பேசுறேன். வலிக்கு வேற வழியெல்லாம் இருக்கு. சொன்னது ரொம்ப நல்லது" என்றார். அவ்வளவுதான். நான் இத்தனை நாள் பயந்த பேச்சு, ஒரு டீ ஆறும் நேரத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அத்தா எங்கேயோ போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். இரண்டு கையிலும் டீ டம்ளரோடு திரும்பிவந்து ஒன்றை அக்காவிடம் நீட்டினார். "குடிங்கம்மா" என்றார். அதற்கு முன் அவர் அக்காவிடம் நேராகப் பேசியதே இல்லை.

அறுவை காலையில் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். மதியம் உணர்வு திரும்பியது. வலியும் வந்தது. ஏற்பாடு செய்திருந்த மருந்தை நர்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு என் கட்டிலருகே உட்கார்ந்து, கடைக்கு வரும் ஒரு வயதான அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பிரான்சு பென்ஷன் வாங்குகிறவர். மூக்குக்கண்ணாடியை எப்போதும் பிரெஞ்சில் லுனெத் என்றுதான் சொல்வார். புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பெண், ஏதோ துணி என்று நினைத்து, "அது ஜவுளிக் கடையில கெடைக்கும் ஆயா" என்று அவரை எதிர்க் கடைக்கு அனுப்பிவிட்டாளாம். அவரும் போய் அங்கே லுனெத் கேட்டாராம்.

நான் சிரித்தேன். சிரித்ததில் கால் சுண்டியிழுத்தது. அந்த நொடியில் என் உடம்புக்குப் பழைய போர்வை நினைவு வந்துவிட்டது. வாசனை மாதிரி, அவ்வளவு அருகில்.

"அக்கா, அந்தப் பழைய மாத்திர ஒண்ணே ஒண்ணு குடுக்கச் சொல்லுங்கக்கா."

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "கேக்குறது வலியா, அதுவா?"

பொய் சொல்லியிருக்கலாம். வலி என்று சொன்னால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அத்தா வேறு கதவருகே நின்றிருந்தார்.

"ரெண்டும்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"சரி. ரெண்டுத்தையும் சொல்லுவோம்" என்று எழுந்து போய் நர்ஸைக் கூட்டிவந்தார். அவரிடம் நானே சொன்னேன், வலிக்கிறது, அந்த ஆசையும் வருகிறது என்று. நர்ஸ் டாக்டரை அழைத்தார். அவர் வந்து பார்த்து, காலுக்குப் போகும் நரம்பு மரத்துப்போக இன்னொரு ஊசி போட ஏற்பாடு செய்தார். கொஞ்ச நேரத்தில் கால் என்னுடையது இல்லை என்பதுபோல் ஆனது. தலை தெளிவாக இருந்தது. ஜன்னலில் வெயில் இருந்தது. வலி போனதற்கு மட்டும் நான் சந்தோஷப்படவில்லை. மறைக்காமல் கேட்டேன், கேட்டதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை, அதற்காகத்தான் என் கண் நிறைந்தது.

கால் நன்றாக ஆறியது. பட்டம் முடித்தேன். இப்போது ஒரு டைல்ஸ் ஷோரூமில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நாக்குக்கு அடியில் வைக்கும் மருந்தை டாக்டர் மாதக்கணக்கில் மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். அக்காவுக்குக் கல்யாணமாகிக் கடலூர் பக்கம் போய்விட்டார். கைக்குழந்தை இருக்கிறது.

சமீபத்தில் எனக்குக் கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு நல்ல வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் பிடித்துப்போய், அடுத்த பேச்சைத் தொடங்கியபோது, அத்தா அவர்களை நிறுத்தினார். "ஒரு விசயம் சொல்லணும். எம் பொண்ணுக்கு ஆக்ஸிடெண்ட்டுக்கு அப்பறம் மாத்திரையால ஒரு சீக்கு வந்துச்சு. வைத்தியம் பாத்து நல்லாயிட்டா. தெரிஞ்சிக்கிட்டுப் பேசுங்க" என்றார். நானும் அம்மாவும் உள்ளறையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்து, இப்போது வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அம்மா அழுதார். "நீங்க ஏன் சொன்னீங்க? அவ கல்யாணம் ஆயிட்டு அவ வாயாலயே சொல்லிக்கமாட்டாளா?"

அத்தா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மறைச்சுக் குடுத்தா, நாளைக்கு இவளுக்கு ஒரு வலி வந்தா அந்த வீட்டுல யாருகிட்ட சொல்லுவா? போகட்டும் வுடு. கேட்டுட்டு வர்றவங்க வரட்டும்."

அன்று மாலை மக்ரிப் தொழுது முடித்துக் கையேந்தியபோது எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றி மட்டும்தான் இருந்தது. அத்தாவுக்கு, அம்மாவுக்கு, பேனாவைக் கீழே வைத்த அந்த டாக்டருக்கு, கோரிமேட்டில் இருப்பவர்களுக்கு, யாரோ ஒரு பெண்ணுக்காகத் தன் ஒரே விடுமுறை நாளில் பஸ் ஏறி வந்த ஒருவருக்கு.

தொழுகை விரிப்பை மடித்து வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அத்தா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அங்கிளா? அங்கிளா அப்படிச் சொன்னாரு?" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "இரு, கொழந்த முழிச்சிக்கிச்சு" என்றார். குழந்தை அழும் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. "சரிக்கா, போயி பாருங்க" என்றேன்.